கொதித்தும் நீங்காத நஞ்சு: குடிநீரில் கன உலோகங்கள்

“நீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம், அது போதாதா?” என்று நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. கிருமிகளை அழிக்க அது போதும். ஆனால் ஆர்சனிக், ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் கொதிப்பதால் நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும். கரைந்துள்ள உலோகத்தை நீக்க அதை நம்பியிருக்க இயலாது.

நீரின் தெளிவும் சான்றாகாது. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கைத் தவிர்க்கத் தோண்டப்பட்ட குழாய்க்கிணறுகள் பலவற்றின் தெளிந்த நீரில் ஆர்சனிக் இருந்தது. அதைப் பல்லாண்டுகள் அருந்தியோருக்கு உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் தோல் தடித்தது. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பும் கூடியது. ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இவ்விரண்டுக்கும் இந்தியக் குடிநீர்த் தரம் ஏற்கும் அளவு, ஒவ்வொன்றும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே.

பரப்பு கவர்தல் என்பது என்ன?

இவற்றை நீக்கும் வழிகளுள் ஒன்று பரப்பு கவர்தல். இது சல்லடையில் சலிப்பது போன்றதன்று. நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளின் வழியே நீர் செல்லும்போது, கரைந்துள்ள உலோகம் அப்பொருளின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. நீர் கடந்து செல்கிறது. இரும்பு ஆக்சைடு வகைப் பொருள்கள் ஆர்சனிக்கை நன்கு பற்றுகின்றன. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் இவ்வகையில் உருவாக்கிய பொருள், ஆர்சனிக் பாதித்த பகுதிகளில் பயன்படுகிறது. ஆனால் ஒரே பொருள் எல்லாவற்றையும் பற்றாது. குளோரின் மணத்தை நீக்கும் சாதாரணக் கரி, ஆர்சனிக்கையும் நீக்கும் என்று கொள்ளலாகாது.

இதன் வரம்பையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பரப்பில் ஒட்டும் இடங்கள் நிறைந்துவிட்டால் உலோகம் தடையின்றி நீருடன் வரும். அப்போதும் நீரின் நிறமோ சுவையோ மாறாது. ஆகவே நாவை நம்பாமல் நாளைக் குறித்துவைப்பதே பாதுகாப்பு.

வீட்டில் செய்ய வேண்டியவை

• ஆழ்துளைக் கிணற்று நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதியுங்கள். கன உலோகச் சோதனை வேண்டும் என்று தனியே குறிப்பிடுங்கள்.

• சோதனையில் தெரியவந்த உலோகத்தை நீக்குவதற்கெனச் சான்று பெற்ற வடிகட்டியையே வாங்குங்கள்.

• கார்ட்ரிட்ஜ் பொருத்திய நாளை அதன் மீதே எழுதி, குறித்த காலத்தில் மாற்றுங்கள். பின்னர் நீரை மீண்டும் சோதியுங்கள்.

• பழைய கார்ட்ரிட்ஜைப் பிரித்து, உள்ளிருப்பதைத் தோட்டத்திலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள். நீக்கிய நஞ்சு அதில்தான் தங்கியுள்ளது.

• கிருமிகளை அழிக்கக் கொதிக்கவைக்கும் வழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

சோதனையில் அளவு மிகுந்திருந்தால், குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைப் பயன்படுத்துங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது அவ்வறிக்கையையும் உடன் கொண்டுவாருங்கள்.