ஃபில்லரைக் கரைக்கும் ஊசி: போட்டுக்கொள்ளும் முன் கவனிக்க வேண்டியவை

உதடு எடுப்பாகத் தெரியவும் கண்ணுக்கடியில் உள்ள பள்ளம் மறையவும் போடும் ஃபில்லர், சிலருக்குக் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். சிலருக்கு ஒருபக்கம் மட்டும் தூக்கி நிற்கும். அதைக் கரைக்கப் பயன்படுவது ஹையலூரானிடேஸ் என்ற நொதி. மருத்துவத்துக்கு இது பழைய மருந்து. கண்புரை அறுவைக்கு முன் கண் மரத்துப்போகப் போடும் ஊசியில், மருந்து விரைந்து பரவ இதைச் சேர்ப்பார்கள். பாக்கும் குட்காவும் மென்று வாய் திறக்க முடியாமல் இறுகிப்போனவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் ஸ்டீராய்டுடன் சேர்த்துப் போடுவதும் உண்டு. முகத்தில் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் இந்த வரிசையில் போகலாம்.

1. எந்த ஃபில்லர் என்று உறுதிசெய்யுங்கள்

ஹையலூரானிக் அமில ஃபில்லரை மட்டுமே இது கரைக்கும். ஜுவடெர்ம், ரெஸ்டிலேன் போன்றவை இந்த வகை. கால்சியம் கலந்த ஃபில்லர், சிலிக்கோன், உடலிலிருந்தே எடுத்துப் போட்ட கொழுப்பு எதுவும் இதற்கு மசியாது. ஃபில்லர் பெட்டியில் உள்ள ஸ்டிக்கரில் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கும். உங்களிடம் இல்லையென்றால் போட்ட இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. அவசரமா என்று பாருங்கள்

ஊசி போட்ட இடம் வெளிறிப்போவது, வலி ஏறிக்கொண்டே போவது, வலை பின்னியதுபோல் நீலம் படர்வது ஆகியவை ரத்தக்குழாய் அடைபட்டதன் அறிகுறிகள். அந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். ஓரிரு விநாடியில் பழைய நிறம் திரும்ப வேண்டும். மாநிறத் தோலில் இது சட்டென்று புலப்படாது. முகத்தின் மறுபக்கத்தையும் அழுத்தி ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். பார்வை மங்கினால் கண் மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். வெறும் வீக்கமும் ரத்தக்கட்டும் என்றால் இரண்டு வாரம் பொறுக்கலாம். பெரும்பாலும் தானே வடியும்.

3. எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்

தேனீயோ குளவியோ கொட்டி மூச்சுத் திணறியதுண்டா? அவற்றின் நஞ்சிலும் இதே வகை நொதி இருப்பதால், அப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஊசி ஆபத்தாகலாம். கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, ஊசி போடும் இடத்தில் சீழ் அல்லது தொற்று, சாப்பிடும் ஆஸ்பிரின், ஸ்டீராய்டு, அலர்ஜி மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இந்த மருந்து ஆடு, மாட்டின் விரையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பரிசோதனை ஊசியைத் தவிர்க்காதீர்கள்

அவசரம் இல்லாதபோது முன்கையில் தோலுக்குள் துளியளவு போட்டு அரை மணி நேரம் பார்ப்பது நல்லது. தடித்து அரித்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ரத்தக்குழாய் அடைப்பில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. கூடுதல் அளவில், திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

5. குப்பியைக் கண்ணால் பாருங்கள்

இங்கே பரவலாகக் கிடைப்பது 1500 யூனிட் குப்பி. உள்ளே வெள்ளைத் தூள் இருக்கும். சலைனில் கரைத்துப் போடுவார்கள். காலாவதி தேதியைப் படியுங்கள். எத்தனை யூனிட் என்பது ஃபில்லரின் கெட்டித்தன்மையையும் அளவையும் பொறுத்து மருத்துவர் முடிவுசெய்வது. கொஞ்சமாகப் போட்டு, விளைவைப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி போடுவதே நல்ல முறை. ஒவ்வாமைக்கு அட்ரினலின் கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆன்லைனில் வாங்கி வீட்டில் குத்திக்கொள்வது, அழகு நிலையத்தில் போட்டுக்கொள்வது இரண்டும் கூடவே கூடாது.

6. போட்ட பிறகு

அரை மணி நேரம் கிளினிக்கிலேயே இருங்கள். சில மணி நேரத்தில் கட்டி இளகும். இரண்டு நாளில் பலன் தெளிவாகத் தெரியும். நொதி உங்கள் தோலின் சொந்த ஹையலூரானிக் அமிலத்தையும் கொஞ்சம் கரைக்கும் என்பதால் அந்த இடம் வற்றியதுபோல் தோன்றலாம். உடல் அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டே இருப்பதால் பயப்பட வேண்டாம். மறுபடி ஃபில்லர் போட இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

இன்னும் ஃபில்லரே போடாதவர்கள், விலையைக் கேட்பதற்கு முன் "ஹையலூரானிடேஸ் இங்கே இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லும் இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளாதீர்கள்.