இரண்டு வருஷமா? எழுபது வருஷமா?

வேத வாசிப்பு: எரேமியா 27 முதல் 29 அதிகாரங்கள்



தீர்க்கதரிசி என்றதும், நடக்கப்போறதை முன்கூட்டியே சொல்கிறவர் என்றுதான் அநேகர் நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் யாத்திராகமம் 7:1-ஐப் பாருங்கள். ஆரோன் மோசேக்குத் தீர்க்கதரிசி! அதாவது, மோசேயின் வாய். தீர்க்கதரிசி என்றால் தேவனுடைய வாய். அவர் கொடுத்ததைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எகொனியா ராஜாவையும் ஜனங்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். ஆலயத்துப் பணிமுட்டுகளும் போயின. சிதேக்கியாவின் நாலாம் வருஷத்தில் ஆலயத்திலே இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள். இரண்டு பேருமே கர்த்தருடைய நாமத்தில்தான் பேசினார்கள்.

அனனியா சொன்னது: இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வரும். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தையும் உடைத்துப்போட்டான். ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்!

எரேமியா என்ன செய்தான்?

1. ஆமென் என்றான். ஜனங்கள் திரும்பி வரவேண்டும் என்பதே அவன் ஆசையும். மெய்யான தீர்க்கதரிசி ஜனங்களின் அழிவில் சந்தோஷப்படமாட்டான்.

2. பேசாமல் போய்விட்டான். நுகத்தை உடைத்தவனோடு சண்டை போடவில்லை. புது வார்த்தை வந்த பிறகே திரும்பி வந்து, மர நுகத்துக்குப் பதில் இரும்பு நுகம் என்றான். வார்த்தை இல்லாதபோது வாயை மூடத் தெரிந்தவனே தீர்க்கதரிசி.

3. வாழ வழி சொன்னான். பாபிலோனிலிருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினான்: வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்க, அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்க, எழுபது வருஷம் ஆகும். அனனியாவை நம்பினவன் மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எரேமியாவை நம்பினவன் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பான்.

அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான். சில வருஷங்களில் எருசலேமும் விழுந்தது.

பிரியமானவர்களே, "இந்த மாசமே விசா வரும்", "இந்த இடத்தில்தான் சம்பந்தம்" என்று யாராவது சொன்னவுடனே வேலையை விட்டுவிடாதீங்க, நகையை அடகு வைக்காதீங்க. நிதானித்துப் பாருங்கள் (1 கொரிந்தியர் 14:29). வேதத்துக்கு ஒத்திருக்கிறதா? சொன்னது நடந்ததா (உபாகமம் 18:22)? நடந்தாலும், உங்களைக் கர்த்தரிடம் சேர்க்கிறதா, மனுஷனிடம் சேர்க்கிறதா (உபாகமம் 13:1-3)?

தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணவேண்டாம். சோதித்துப் பார்த்து, நல்லதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்!