பூட்டாத கார் பேட்டரியைக் காலி செய்யுமா?

காலையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. உடனே வீட்டில் விசாரணை ஆரம்பமாகிவிடும். "ராத்திரி வண்டியை லாக் பண்ணீங்களா, இல்லையா?" பண்ணவில்லை என்றால் வழக்கு அத்தோடு முடிந்தது. பூட்டாமல் விட்ட காரில் ராத்திரி முழுக்க கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கிவிடும் என்பது இன்று பரவலாக இருக்கும் நம்பிக்கை. வாட்ச்மேன் முதல் மெக்கானிக் வரை சொல்கிறார்கள்.

முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பெரும்பாலான கார்களில் பழி விழுவது தவறான இடத்தில்.

முதலில் சென்ட்ரல் லாக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கதவுக்குள் இருக்கும் சின்ன மோட்டார், ரிமோட்டை அழுத்தும்போது ஒரு நொடிக்கும் குறைவாகச் சுற்றி, பூட்டை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தள்ளிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த நொடியில் மட்டுமே அதற்குக் கரன்ட் தேவை. பூட்டு பூட்டிய நிலையில் நின்றாலும் திறந்த நிலையில் நின்றாலும் அதற்குப் பிறகு மோட்டார் எதையும் இழுப்பதில்லை. சொல்லப்போனால், பூட்டிய காரில்தான் திருட்டு அலாரம் விழித்துக் காவல் இருக்கிறது. டேஷ்போர்டில் மினுக்கும் அந்தச் சிவப்பு விளக்கும் பேட்டரியிலிருந்துதான் எரிகிறது. சில மில்லி ஆம்பியர்தான் என்றாலும் செலவு செலவுதானே!

பிறகு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? இன்றைய கார் ஒரு வண்டி என்பதைவிட, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் குட்டிக் கணினிகளின் கூட்டம் என்பதே பொருத்தம். அவை பேசிக்கொள்ளும் 'கேன்' என்ற வயர் இணைப்பை பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸின் பெரிய கார்களில் அது ஏறியது. இன்று சாதாரண ஹேட்ச்பேக்கிலும் இருக்கிறது. இன்ஜினை அணைத்ததும் இந்தக் கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிடுவதில்லை. யாராவது கதவைத் திறக்கிறார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒவ்வொன்றாக உறங்கப் போகின்றன. விழித்திருக்கும்போது எல்லாமாகச் சேர்ந்து சில ஆம்பியர்கூட இழுக்கும். உறங்கிவிட்டால் அது 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்துவிட வேண்டும். நல்ல நிலையில் உள்ள பல கார்களில் 20, 30 என்றுதான் இருக்கும்.

நம்பிக்கைக்கு வேர் இங்கேதான். காரைப் பூட்டுவது, 'இனி ஆள் வரமாட்டார்' என்று அந்தக் கணினிகளுக்குக் கொடுக்கும் தகவல். பல மாடல்களில் பூட்டியதும் அவை சீக்கிரம் உறங்கிவிடும். பூட்டாவிட்டால் தங்களுக்கு விதித்த நேரம் முடியும்வரை காத்திருந்து உறங்கும். மாடலைப் பொறுத்து சில நிமிடங்களிலிருந்து அரை மணி வரை ஆகலாம். அந்தக் கூடுதல் நேரத்துக்கு விலை என்ன? தாராளமாகவே கணக்குப் போடுவோம்: 3 ஆம்பியர் வீதம் 20 நிமிடம். மொத்தம் 1 ஆம்பியர்-மணி. நம் ஊர்ச் சின்ன கார்களில் சாதாரணமாக இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. அதில் போவது 3 சதவீதத்துக்கும் குறைவு. இதனால் காலையில் செல்ஃப் எடுக்காமல் போகிறது என்றால், அந்த பேட்டரி ஏற்கெனவே ஆயுளின் கடைசியில் இருக்கிறது என்று அர்த்தம்.

விதிவிலக்குகள் உண்டு. பூட்டாமல் விட்டால் சில கணினிகளை நெடுநேரம் விழிக்கவைக்கும் மாடல்கள் இருக்கின்றன. பூட்டாத வண்டியில் குழந்தைகள் ஏறி விளையாடினால், ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் மொத்தக் கூட்டமும் எழுந்து மறுபடி முதலிலிருந்து காத்திருக்கத் தொடங்கும். சாவி இல்லாமலே திறக்கும் கார்களில், ஸ்மார்ட் கீயை வண்டியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வைத்திருந்தால் அதுவே சில கார்களை அடிக்கடி எழுப்பும். போர்ட்டிகோவில் வண்டி, சுவருக்கு அந்தப் பக்கம் சாவி மாட்டும் ஆணி என்ற ஏற்பாடு உள்ள வீடுகள் கவனிக்கவும்.

உண்மையான குற்றவாளிகள் வேறு. சரியாகச் சாத்தாத டிக்கி அவற்றில் ஒன்று. உள்ளே 5 வாட் பல்பு எரிந்தால் 0.4 ஆம்பியர், ஒரு நாளில் 10 ஆம்பியர்-மணி. வெள்ளிக்கிழமை இரவு விட்டால், திங்கள் காலையில் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். பேட்டரியைக் காப்பாற்ற விளக்கைத் தானே அணைக்கும் வசதி புதிய கார்களில் உண்டு என்றாலும் எல்லா மாடலிலும், எல்லா விளக்குக்கும் கிடையாது. கதவின் லாட்ச் சுவிட்ச் பழுதானால் இன்னும் மோசம். கதவு மூடியிருக்கும், கார் மட்டும் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு உறங்கவே போகாது.

அடுத்தது அக்சஸரீஸ் கடையில் போட்ட டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபயர். என் சந்தேகம் எப்போதும் முதலில் இங்கேதான் போகும். வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கும் டேஷ்கேம் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். அவசரத்தில் நேரடி லைனில் முறுக்கிவிட்ட வயரை எந்தக் கணினியாலும் உறங்கவைக்க முடியாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் நிறுத்திய கார் தின்றுகொண்டுதான் இருக்கும். 35 மில்லி ஆம்பியர் என்றால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 6 ஆம்பியர்-மணி. மூன்று வாரத்தில் பாதி பேட்டரி போய்விடும். நம் வெயிலில் பேட்டரி தானாக இறங்குவதும் வேகம். பூட்டினாலும் இதே கதைதான். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்பது இதன் தங்கை நம்பிக்கை. ஐந்து நிமிடத்தில் ஆல்டர்னேட்டர் அந்த 6 ஆம்பியர்-மணியைத் திருப்பித் தராது, ஏசி ஓடினால் இன்னும் குறையும். அரை மணியாவது ஓட்டி வாருங்கள். மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போகலாம். அதற்கு முன் ஸ்மார்ட் கீக்குள் ஒளிந்திருக்கும் சாதாரணச் சாவியால் கதவு திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேட்டரி செத்த காரில் ரிமோட் வேலை செய்யாது.

ஆகவே காரைப் பூட்டுங்கள், திருடனுக்காக. பேட்டரி அடிக்கடி இறங்கினால், புதியது வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம் முதலில் ஒரு வேலை கேளுங்கள்: இரவு முழுக்க நின்ற வண்டியில் வோல்ட் பார்க்க வேண்டும். 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. பிறகு பானெட்டைத் திறந்து, கதவுகளைச் சாத்தி, சாவியைத் தள்ளிவைத்து, அரை மணி கழித்து டிசி கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மைனஸ் வயரில் மாட்டச் சொல்லுங்கள். பூட்டி ஒருமுறை, பூட்டாமல் ஒருமுறை. உங்கள் காரைப் பற்றிய தீர்ப்பு அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. இரண்டுமே 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், எந்த வயர் தின்கிறது என்று கண்டுபிடித்த பிறகே புதிய பேட்டரிக்குப் பணம் கொடுங்கள்.