பன்னிரண்டு கஜ தூரம்

இரு கட்சியார் சரிநிகராகப் பொருது, குறித்த காலம் கழிந்த பின்னும் வெற்றி தோல்வி புலனாகாதாயின் செய்யத்தக்கது யாது? ஊர்ப் பந்தயமாயின், கிண்ணத்தை ஆறு மாதம் ஒருவரும் ஆறு மாதம் மற்றவரும் வைத்துக்கொள்ளுமாறு பெரியோர் சொல்லி அனுப்பிவிடலாம். ஒரு தேசம் முழுவதும் நோக்கியிருக்கும் இறுதிப் பந்தயத்தில் அங்ஙனம் செய்தல் இயலாது. தண்ட உதைகளால் வெற்றியைத் தீர்மானிக்கும் வழக்கத்தைப் பற்றி, மாலைதோறும் பந்துதைத்துப் பழகும் நம் மாணவ நண்பர்கள் பலகால் வாதிடக் கேட்டிருக்கின்றேன். ‘அது வெறும் அதிர்ஷ்டம்’ என்பார் ஒரு சாரார். ‘அதுவே உண்மைச் சோதனை’ என்பார் மற்றொரு சாரார். எப்பக்கஞ் சார்வதற்கும் முன்னர், அவ்வழக்கம் வந்த வரலாற்றையும், பெரும் பந்தயமொன்றில் அது நடந்தேறிய முறையையும் அறிதல் நலம்.

ஆங்கில நாட்டுக் காற்பந்துச் சங்கத்தார் நடத்தும் கிண்ணப் பந்தயம் இவ்வகையின யாவற்றினும் முதுமை வாய்ந்தது. 1872-ஆம் ஆண்டு இலண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் வாண்டரர்ஸ் என்னும் கட்சியார், இராயல் எஞ்சினியர்ஸ் என்னும் இராணுவக் கட்சியாரை ஒரு கோலால் வென்றனர். பிற்காலத்தில் ஆட்டம் சமனாய் முடியின் மற்றொரு நாள் மீண்டும் ஆடுவதே வழக்கமாயிற்று. 1912-இல் பார்ன்ஸ்லியும் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனும் கோலின்றி முடிக்க, மறுவாட்டத்தில் பார்ன்ஸ்லி வென்றது. இம்முறையின் நீதியை மறுப்பார் இலர். ஆயின் அது வேண்டும் பொறுமைக்கோ எல்லையில்லை. 1971-ஆம் ஆண்டில் தகுதிச் சுற்றொன்றில் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்போர்டு சிட்டி என்னும் இரு சிறு கட்சியார் ஆறு முறை மோதி, மொத்தம் 11 மணி நேரம் ஆடிய பின்னரே ஆல்வ்சர்ச் ஒரு கோலால் வென்றது. அடுத்த சுற்றுக்குச் சென்ற அவர்தம் கால்களின் நிலையை வாசகரே ஊகித்துக்கொள்க. இறுதியாட்டம் மறுமுறை ஆடப்பெற்றது 1993-இலேயே கடைசி.

மறுவாட்டத்திற்கு நாளில்லாத பந்தயங்களில் திருவுளச்சீட்டே கதியாயிற்று. 1968-ஆம் ஆண்டு ஐரோப்பியப் பந்தயத்தின் அரையிறுதியில், நேப்பிள்ஸ் நகரில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கோலின்றி முடிக்க, பூவா தலையா என நாணயத்தைச் சுண்டி இத்தாலியை இறுதிக்கு அனுப்பினர். அவ்வாண்டே மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல், பல்கேரியாவோடு சமனாக ஆடிச் சீட்டுக் குலுக்கலில் வெளியேறிற்று. அதனைக் கண்டு மனம் பொறாத யோஸெப் தாகான் என்னும் இஸ்ரேலியர், இவ்விடத்தில் தண்ட உதைகளை வைக்கலாமே என யோசனை கூறினார். ஜெர்மனியில் முடிதிருத்துந் தொழிலரும் ஆட்ட மத்தியஸ்தருமாகிய கார்ல் வால்ட் என்பவரும் அக்காலத்திலேயே இதனையொத்த முறையொன்றை வற்புறுத்தினார். 1970-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் சர்வதேச விதிச் சபையார் அதனை ஏற்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் ஹல் நகரில் நடந்த வாட்னி கிண்ண அரையிறுதியில், இங்கிலாந்தில் முதன்முறையாக இம்முறையில் ஜார்ஜ் பெஸ்ட் உதைத்துக் கோலிட்டார். முதலில் தடுக்கப்பட்டவர், அக்காலத்துப் பெருவீரருள் ஒருவராகிய டெனிஸ் லா! பெரியோரும் இடறுவர் என்பது முதல் நாளிலேயே வெளிப்பட்டது.

தண்ட உதை தானோ அதனினும் மிகப் பழையது. அயர்லாந்தில் மில்போர்டு என்னும் சிற்றூரில் வாழ்ந்த வில்லியம் மக்ரம் என்பவரது எண்ணத்தில் எழுந்து, 1891-ஆம் ஆண்டு விதியாயிற்று. ஈண்டு வியக்கத்தக்கது ஒன்றுண்டு: மக்ரம் தாமே ஒரு கோல் காவலர். தம் இனத்தாரை இத்துணை நிர்ப்பந்தத்துள் நிறுத்தும் விதியை ஒரு காவலரே ஆக்கித் தந்தார்.

நிற்க. 2005-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாளுக்கு வருவோம். வெம்பிளி மைதானம் புதுப்பிக்கப்பட்டு வந்தமையின், இறுதியாட்டம் வேல்ஸ் தேசத்துக் கார்டிப் நகரின் மில்லேனியம் மைதானத்தில் நடந்தது. எதிர்நின்றோர் ஆர்ஸனலும் மான்செஸ்டர் யுனைடெட்டும். பல்லாண்டுகளாக இவ்விரு கட்சியாரும், இவர்தம் ஆசான்மாராகிய வெங்கரும் பெர்கூசனும், ஒருவரையொருவர் நேசித்தவரல்லர். ஆர்ஸனலின் தலைசிறந்த கோல் வீரராகிய ஹென்றி காயத்தால் ஆடவில்லை. வெங்கர் பெர்க்கேம்ப் ஒருவரையே முன்னே நிறுத்தி, ஏனையோரைக் காவலில் நிரப்பினார். ஆட்டத்தின் பெரும்பகுதி ஒருதலைப்பட்சமாகவே சென்றது. இளைஞராகிய ரூனியும் ரொனால்டோவும் இரு புறமும் புகுந்து புகுந்து தாக்கினர். ரூனி உதைத்த பந்து கம்பத்திற் பட்டு மீண்டது. வான் நிஸ்டல்ரூய் தலையால் மோதிய பந்தைக் கோட்டின்மேல் நின்ற லியுங்பெர்க் தம் தலையாலேயே தடுத்தார். கோல் காவலர் லேமன் அன்று தளராது நின்றார். 90 நிமிடமும் மிகை நேரம் 30 நிமிடமும் கழிந்தும் கோல் ஒன்றும் விழவில்லை. கடைசி நிமிடத்தில் ஆர்ஸனலின் ரேயஸ் இரண்டாம் எச்சரிக்கை பெற்று வெளியேற்றப்பட்டார். 1912-க்குப் பின் கோலின்றி முடிந்த முதல் இறுதியாட்டம் இதுவே. 133 ஆண்டு வரலாற்றில் அக்கிண்ணம் தண்ட உதைகளால் தீர்மானிக்கப்பட்டதும் அன்றே முதன்முறை.

யுனைடெட் முதலில் உதைத்தது. வான் நிஸ்டல்ரூய் கோலிட்டார். ஆர்ஸனலின் லாரன் அதற்கு ஈடு செய்தார். அடுத்துப் பால் ஸ்கோல்ஸ் வந்தார். பந்தை அனுப்பவேண்டிய இடம் அறிந்து அனுப்புவதில் தம் தலைமுறையில் இவரை மிஞ்சினோர் அரியர். அவர் உதைத்த பந்தை லேமன் பாய்ந்து தடுத்தார். பின்னர் லியுங்பெர்க், ரொனால்டோ, வான் பெர்சி, ரூனி, ஆஷ்லி கோல் (இவர் குடிப்பெயரே நம்மவர் காதில் வெற்றிக் கூக்குரலாய் ஒலிப்பது) என ஒருவரும் தவறவில்லை. ஐந்தாம் முறைக்கு இரு பக்கத்தும் தலைவர்களே வந்தனர். யுனைடெட்டின் ராய் கீன் கோலிட, கணக்கு நான்குக்கு நான்கு ஆயிற்று. ஆர்ஸனலின் விய்யேரா நடந்து வந்து, பந்தை வைத்து, உதைத்தார். ஐந்துக்கு நான்கு. அக்கோடையிலேயே அவர் இத்தாலி நாட்டு யுவென்டஸ் கட்சிக்குச் சென்றார். ஆர்ஸனலுக்காக அவர் கால் பட்ட கடைசிப் பந்து அதுவே.

இது நீதியா? முதலில் அதிர்ஷ்டம் என்னும் கட்சியை ஆராய்வோம். தண்டப் புள்ளியிலிருந்து கோல் 12 கஜம், ஏறக்குறைய 11 மீட்டர். கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து வினாடிக்குச் சுமார் 28 மீட்டர் செல்லும். ஆதலின் கோட்டை அடைய வினாடியில் பத்தில் நான்கு பங்கே பிடிக்கும். அதற்குள் காவலர் கண்டு, எண்ணி, 12 அடி பாய்தல் அரிது. எனவே அவர் முன்னரே ஊகித்துப் பாய்கிறார். உதைப்பவரோ அவ்வூகத்தை ஊகிக்கிறார். பலாசியோஸ் ஹுவர்ட்டா என்னும் பொருளியல் அறிஞர் 1,417 தண்ட உதைகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், தேர்ந்த வீரர் இடமும் வலமும் முன்னறிய முடியாதவாறு கலந்து உதைக்கின்றனர் எனவும், எப்பக்கம் உதைப்பினும் வெற்றி விகிதம் ஏறக்குறையச் சமமே எனவும் காட்டினார். கணித நூலார் வகுத்த விதியை, அந்நூலைத் திறந்தும் பாராத கால்கள் பின்பற்றுகின்றன! இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர் சிலர் 286 உதைகளை ஆராய்ந்து 2007-இல் கூறியதோ வேறொன்று: நடுவில் அசையாது நிற்பதே காவலர்க்கு மிகுந்த பயன் தருவதாயிருக்க, நூற்றுக்கு ஆறு முறையே அவர் அங்ஙனம் நின்றனர். காரணம், அவ்வாராய்ச்சியாளர் கருத்தின்படி, பாய்ந்து தோற்றல் முயற்சியாகவும் நின்று தோற்றல் சோம்பலாகவும் தோன்றுதலே. இத்துணை நுட்பமும் நடுக்கமும் உள்ள செயலை நாணயஞ் சுண்டுவதோடு ஒப்பிடல் பொருந்தாது.

ஆயினும் மறுதரப்பினர் கூற்றிலும் உண்மையுண்டு என்பதை யான் மறுக்கத் துணியேன். காற்பந்து பதினொருவர் ஆட்டம். ஓடுதல், பந்தைப் பகிர்தல், இடமறிந்து நிற்றல், பிறன் பிழையைத் தான் தாங்குதல் இவையே அதன் உயிர். தண்ட உதையில் இவற்றுள் ஒன்றுமில்லை. ஆண்டு முழுதும் நடந்த தேர்வுகளில் இருவர் சம மதிப்பெண் பெற்றனராக, முடிவில் இருவரையும் ஓரொரு வாய்மொழி வினாவால் தரம் பிரிப்பதை இஃது ஒக்கும். வினா நேர்மையானதே, விடை சொல்லுதற்கு அறிவும் வேண்டும், எனினும் அவ்வாண்டுப் படிப்பை அது அளந்ததாகாது. விதி நூலாரும் இதனை உணர்ந்தே எழுதியுள்ளனர் போலும். புள்ளியிலிருந்து உதைப்பது ஆட்டத்தின் பகுதியன்று. ஆட்டம் முடிந்த பின் வெற்றியாளரைத் தெரிந்தெடுக்கும் முறையே. ஆகவே கார்டிப் ஆட்டம் ஏட்டில் இன்றும் கோலின்றிச் சமனாகவே நிற்கிறது. கிண்ணம் ஆர்ஸனலுக்கு, ஆட்டத்தில் தோற்றாரோ ஒருவருமில்லை.

இவ்வேறுபாடு மைதானத்தில் நின்று தலைகுனிந்தவனுக்கு ஆறுதல் தருமா என்பது வேறு. எனக்கு உறுத்துவது அதுவே. மறுவாட்டத்தில் ஒரு கட்சி தோற்கும். ஈண்டோ ஒரு பெயர் தோற்கிறது. 120 நிமிடம் யுனைடெட்டார் கோலிடத் தவறியமை பதினொருவர்க்கும் பொது. பத்தாண்டு கழித்து அவ்வாட்டத்தைப் பேசுவோர் வாயிலோ ஸ்கோல்ஸ் என்னும் பெயரே வரும். அவர் உதை கோலுக்கு வெளியே செல்லவுமில்லை. எதிர்நின்றவன் அதனைத் தடுத்தான். ‘தவறினார்’ என்று எழுதுவோர் லேமனது திறமையைக் களவாடுகின்றனர் என்பது என் கருத்து.

இவ்வழக்கம் நீங்கவில்லை. மறு ஆண்டே, 2006-இல், அதே கார்டிப் மைதானத்தில் லிவர்பூலும் வெஸ்ட் ஹாமும் மும்மூன்று கோலிட்டுச் சமனாகி, கோல் காவலர் ரெய்னா மூன்று உதைகளைத் தடுக்க, லிவர்பூல் கிண்ணத்தைக் கொண்டது. 2022-இல் மீண்டும் லிவர்பூல், செல்ஸியை இவ்வழியே வென்றது.

மான்செஸ்டர் யுனைடெட்டாரோ கார்டிப் ஆட்டத்திற்குச் சரியாக மூன்றாண்டு கழித்து, 2008-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் இரவு, மாஸ்கோ நகரில் ஐரோப்பியக் கிண்ணத்துக்காகச் செல்ஸியோடு பொருதனர். ஒன்றுக்கொன்று சமனாகி, மறுபடியும் தண்ட உதை வந்தது. இம்முறை தடுக்கப்பட்டவர் ரொனால்டோ. செல்ஸித் தலைவர் ஜான் டெர்ரி உதைக்குங்கால் ஈரத்தரையில் கால் வழுக்கிப் பந்தைக் கம்பத்தில் மோதவிட்டார். முடிவில் யுனைடெட் ஆறுக்கு ஐந்தாக வென்றது. ஸ்கோல்ஸ் அவ்வேளை களத்தில் இல்லை. 87-ஆம் நிமிடத்தில் தமக்கு மாற்றாக ஒருவர் இறங்க, அவர் வெளியே சென்றிருந்தார்.