இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு கோணம்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். பக்கத்தில் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். எங்கள் பத்தாம் வகுப்பில் பல பிள்ளைகளின் அப்பாவோ மாமாவோ இந்த வேலையில் இருப்பவர்கள்தாம். முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு மாணவன் இரண்டு இடங்களில் வளைத்த இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தான். லாரியில் ஏறும்போது பிடித்துக்கொள்ளும் கைப்பிடிக்காக அவன் அப்பா வளைத்தது. வண்டியில் பொருந்தாமல் போனது.

குழாய் வளைப்பவருக்கு மூன்று அளவுகள் வேண்டும். ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நீளம், ஒவ்வொரு வளைவின் கோணம், இவற்றோடு சுழற்சிக் கோணம். முதல் வளைவு முடிந்ததும் குழாயை அதன் அச்சிலேயே எவ்வளவு திருப்பிவிட்டு இரண்டாவதை வளைப்பது என்பதே சுழற்சிக் கோணம். திருப்பாமல் வளைத்தால் ‘ப’ வடிவம் வரும். 180° திருப்பினால் இரண்டாவது கை எதிர்த்திசையில் போகும். இந்த இரண்டையும் தவிர வேறு எந்த அளவு திருப்பினாலும் குழாய் மேசையில் படியாது.

அந்தக் குழாயில் இரண்டு வளைவுகளும் 45°. முதல் கையும் நடுப்பகுதியும் மேசையில் படியும்படி வைத்து, மேலே தூக்கி நின்ற இரண்டாவது கையின்மீது கைப்பேசியின் சாய்வுமானியை வைத்தேன். ஏறத்தாழ 38° காட்டியது. கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

“சார், அது 60-ங்க” என்றான் அவன். கணக்கில் அவன் வாங்கும் மதிப்பெண் எனக்குத் தெரியும். அதனால் ஒரு நிமிடம் அவனைப் பொருட்படுத்தவில்லை. அவன் குழாயை எடுத்து, நடுப்பகுதி கண்ணுக்கு நேராக வரும்படி பிடித்தான். “அப்பா இப்படித்தாங்க பாப்பாரு.” நானும் பார்த்தேன். நடுப்பகுதி ஒரு வட்டமாகச் சுருங்கிவிட்டது. இரண்டு கைகளும் கடிகார முள்களைப்போலத் தெரிந்தன. ஒன்று 12-இல், மற்றொன்று 2-இல். அவன் சொன்னதுதான் சரி.

அப்படியானால் 38 எங்கிருந்து வந்தது? அன்றைய பாடமே அதுவாகிவிட்டது. கையின் நீளம் 20 செ.மீ. என்று கொள்வோம். 45° வளைந்திருப்பதால் அதன் நுனி அச்சிலிருந்து விலகும் தூரம் 20 × சைன் 45°, அதாவது 14.1 செ.மீ. மேசையிலிருந்து நுனியின் உயரம் 14.1 × சைன் 60° = 12.2 செ.மீ. சாய்வுமானி 20-க்கு 12.2 என்ற சரிவைத்தான் பார்க்கிறது, அது 38°. வளைவு 90° ஆக இருந்திருந்தால் 60° என்றே காட்டியிருக்கும். அந்த ஒரு நிலையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு நான் ஏமாந்தேன்.

மறுநாள் ஆளுக்கொரு ஜி.ஐ. கம்பியை வளைத்தோம். நடுப்பகுதியை ஒட்டி மேசையில் சுண்ணக்கட்டியால் ஒரு நீண்ட கோடு. நுனியிலிருந்து நூலில் கட்டிய நட்டைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள செங்குத்துத் தூரத்தை அளந்தால் சுமார் 7.1 செ.மீ. உயரத்தை இதனால் வகுத்தால் ஏறத்தாழ √3. டேன் 60°! கம்பியை 45°-க்குப் பதில் 30° வளைத்தாலும் விகிதம் மாறாது. உயரமும் தூரமும் ஒரே அளவில் குறைகின்றன. புள்ளி முதல் கை இருக்கும் பக்கத்தில் விழுந்தால் கிடைத்த கோணமே விடை. மறுபக்கம் விழுந்தால் 180°-இலிருந்து கழிக்க வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கு டேன் வேண்டாம், கடிகார முள் பார்வையே போதும்.

அப்பாவின் குழாய் ஏன் பொருந்தவில்லை? அளவு சரி, திருப்பிய திசைதான் தவறு. வலப்பக்கம் 60° திருப்புவதும் இடப்பக்கம் 60° திருப்புவதும் கண்ணாடிப் பிம்பங்களைத் தரும். எப்படிப் புரட்டினாலும் ஒன்று மற்றொன்றாகாது. எங்கள் கம்பிகளிலும் ஏழு அப்படித் திசை மாறி வந்தன. அவற்றைத் தூக்கிப் போடாமல், சரியாக வந்தவற்றோடு ஜோடி சேர்த்துக் கட்டி வகுப்பு அலமாரியில் வைத்திருக்கிறோம்.