நிலக்கரிச் சுரங்கத்தில் லாரிகளின் எண்ணிக்கை: செலவும் புகையும்

நமது நாட்டின் நிலக்கரி உற்பத்தி 2024-25ஆம் ஆண்டில் 100 கோடி டன்னைத் தாண்டியது. இதன் பெரும்பகுதி, சத்தீஸ்கரின் கேவ்ரா, சிங்ரௌலி வட்டாரத்தின் ஜயந்த் போன்ற திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து கிடைப்பதாகும். இச்சுரங்கங்களில் ஷவல் இயந்திரம் கரியை அள்ளிக் கொட்ட, டம்பர் எனப்படும் பெரிய லாரிகள் அதனைச் சுமந்து மேலேறுகின்றன. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. எனவே, எத்தனை டம்பர்களை ஓட்டுவது என்பது கணக்கர் மட்டும் தீர்மானிக்கும் வினா அன்று. சுற்றுப்புறக் காற்றையும் சார்ந்ததாகும்.

எண்ணிக்கையைக் கணக்கிடும் முறை

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு டம்பரில் கரி ஏற்ற 3 நிமிடமும், அது சென்று கொட்டித் திரும்ப 21 நிமிடமும் ஆகின்றன எனக் கொள்வோம். ஒரு சுற்று 24 நிமிடம். இதை 3ஆல் வகுத்தால் 8 டம்பர்கள் போதும் என்பது விளங்கும். 6 மட்டுமே இருப்பின், ஷவல் கால் பங்கு நேரம் வாளாவிருக்கும். 10 இருப்பின், ஒவ்வொன்றும் சுற்றுக்கு 6 நிமிடம் வரிசையில் காத்திருக்கும். ஒரு டன்கூட உற்பத்தி மிகாது.

இவ்வாறு நிற்கும் நேரத்தைக் கூட்டினால், மணிக்கு 2 டம்பர்-மணி வீணாகும். நிற்கும் டம்பர் மணிக்கு 20 லிட்டர் டீசல் எரிப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 20 மணி நேர வேலையில் 800 லிட்டர் விரயம்; 2 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு வீண். இங்கு செலவும் புகையும் ஒருங்கே குறைகின்றன.

முரண்பாடு எழும் இடம்

நடைமுறையில் ஏற்றும் நேரமும் பயண நேரமும் சீராக இரா. ஆதலின் ஒன்பதாவது டம்பர் உற்பத்தியைச் சிறிதளவு உயர்த்தக்கூடும், புகையும் உயரும். இத்தருணத்தில் மொத்த டன்னை மட்டும் நோக்காது, டன் ஒன்றுக்கு எத்தனை லிட்டர் டீசல் செலவாகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பாதையின் நிலையும் முக்கியமானது. 16 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் பாதையில், சக்கர உராய்வு எடையின் 2 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்ந்தால், இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். குண்டும் குழியுமான பாதையைச் செப்பனிடுவது, புதிய டம்பர் வாங்குவதைவிட மலிவான வழியாகும்.

சுரங்கத்திற்கு வெளியே

சுரங்கத்திலிருந்து இரயில் நிலையம் வரை லாரிகள் செல்லும் சாலையோரக் கிராமங்களில் கரித்தூசி பெருந்தொல்லையாகும். இதனைத் தவிர்க்கவே ‘முதல் மைல் இணைப்பு’த் திட்டங்களின்கீழ் மூடிய கன்வேயர்களும் கொள்கலக் கோபுரங்களும் அமைக்கப்படுகின்றன. எனினும், இவற்றிற்கு முதலீடு மிகுதி. பல்லாண்டுகள் பெருமளவில் கரி தரும் சுரங்கங்களுக்கே இவை ஏற்றவை. அனல் மின்சாரத்தால் இயங்கும் கன்வேயரும் முற்றிலும் புகையற்றதன்று. சிறு சுரங்கங்களுக்கு லாரியே தொடரும்.

ஆதலின், ஷவல் நின்ற நேரம், டம்பர் காத்திருந்த நேரம், டன்னுக்குச் செலவான டீசல் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் பதிவு செய்வது முதற்பணியாகும். வேலைமுகம் நகர நகரப் பயணத் தொலைவு மாறும். சென்ற ஆண்டு சரியாக இருந்த எண்ணிக்கை இவ்வாண்டும் சரியாக இருக்குமென்பதில்லை.