நெற்றும் அதன் நோக்கமும்



உன் கடிதம் கிடைத்தது. பள்ளித் தோட்டத்து மரங்களின் அடியில் பங்குனி சித்திரையில் வந்து குவியும் நெற்றுகளை வீட்டுக்கும் தோட்டத்துக்கும் எப்படி உபயோகப்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு நிறுத்தாமல், “எந்த மரத்து நெற்றானால் என்ன, எல்லாம் ஒன்றுதானே, கூட்டிக் கொளுத்து, இல்லாவிட்டால் எருக்குழியில் தள்ளு என்கிறார்கள்” என்றும் எழுதியிருக்கிறாயே, அந்த வாக்கியத்தைப் படித்தது முதல் எனக்கு மனம் ஆறவில்லை. எல்லாம் ஒன்றாம்! ஆலும் அறுகும் ஒன்று என்று சொல்லக்கூடச் சிலர் தயங்கமாட்டார்கள் போலும்.

மரம் தன் விதையை வெளியூருக்கு அனுப்பவேண்டி, மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்த சாதனம் நெற்று. சில மரங்கள் அதைக் காற்றின் வசம் ஒப்புவிக்கின்றன. சில நீரின் வசம். சில மிருகங்களின் வயிற்றின் வசம். எவருடைய வசம் ஒப்புவிக்க எண்ணி ஒரு மரம் தன் நெற்றைச் செய்ததோ, அதைக் கண்டுகொண்டாயானால், அந்த நெற்று உனக்கு எதற்குப் பிரயோஜனப்படும் என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும். இது என் சொந்த அபிப்பிராயம். பாடப் புத்தகத்தில் தேடாதே.

சரக்கொன்றையை எடுத்துக்கொள். மஞ்சள் பூவைப் பாராட்டாதவர் இல்லை. ஓராண்டுக் காலம் மரத்திலேயே தொங்கி, அடுத்த பூக்காலம் வரும் வேளையில் கறுத்து முற்றி விழுகிற அந்த ஓரடி, இரண்டடி நீளத்து உருளை நெற்றை ஏறிட்டுப் பார்ப்பவரும் இல்லை. ஒன்றை எடுத்துக் கல்லால் தட்டி உடைத்துப் பார். உள்ளே குறுக்குத் தடுப்புகள் காசுகளை அடுக்கி வைத்தாற்போல் நெருங்கி நிற்கும். ஒவ்வோர் அறையிலும் தட்டையான, பளபளப்பான ஒரே ஒரு பழுப்பு விதை. தடுப்பின்மேல் கரும்பாகு போன்ற சதை அப்பியிருக்கும். இந்த நெற்று தானாக வெடிக்காது. 1921இல் வெளிவந்த ட்ரூப் என்பவரின் இந்திய மரங்களைப் பற்றிய பெருநூலை நான் இளமையில் நூலகத்தில் உட்கார்ந்து, மழை நின்றதுகூடத் தெரியாமல் படித்ததுண்டு. குரங்கும் நரியும் கரடியும் பன்றியும் அந்த இனிப்புச் சதைக்காக நெற்றை உடைத்து விதையைச் சிதறுகின்றன என்பதை அங்கேதான் அறிந்தேன். மனிதனுக்கும் அந்தச் சதைதான் மருந்து. நல்ல பேதி மருந்து. முற்றிய கொன்றைக்காயை ஏழு இரவு மணலில் புதைத்து வைத்திருந்து, பின் எடுத்து வெயிலில் உலர்த்திச் சதையைச் சேகரிக்கவேண்டும் என்று சரக சங்கிதை விதிக்கிறது. இதைப் படித்துவிட்டு நீயே வைத்தியம் செய்யப் புறப்படாதே. அளவு தெரியாத மருந்து விஷத்துக்குச் சமானம். உனக்கு வேண்டியது விதை. கொதித்து இறக்கிய நீரை அதன்மேல் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு விதைத்தால், கல் போன்ற தோல் இளகி முளை விடும். அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் உறங்கும்.

கொன்றை என்று வந்தபின் குழலைப் பேசாமல் இருக்க என்னால் இயலாது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றை, ஆம்பல், முல்லை என்று மூன்று குழல்கள் வருவதை நீ அறிவாய். அவை கருவிகளா பண்களா என்று உரைகாரர் காலத்திலிருந்தே வாதம் நடக்கிறது. உள்ளே அத்தனை தடுப்பு இருக்கும் காயில் எப்படிக் குழல் ஊதுவது என்று ஒரு பண்டிதர் என்னைக் கேட்டார். அவர் ஒரு கொன்றைக்காயையாவது கையில் எடுத்திருப்பாரா என்பது என் சந்தேகம். பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்ப்பவன் தீக்கடைகோலில் பிறந்த நெருப்பைக் கொண்டல்லவோ குழலுக்குத் துளையிடுகிறான்? அந்தக் கொள்ளி முனைக்கு இந்த மெல்லிய தடுப்புகள் எம்மாத்திரம்! அந்தக் குழல் கொன்றைக் குழல்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் காலடியில் கிடக்கும் ஆயத்தக் குழாயை விட்டுவிட்டு ஆயன் மூங்கிலைத் தேடி மலையேறியிருப்பான் என்று என்னை நம்பச் சொல்லாதே. மணிக்கணக்கில் பேசக்கூடிய விஷயம் இது. போகட்டும்.

மிருகங்களை உத்தேசித்த நெற்றுகளை மிருகங்களுக்கே கொடு. தூங்குமூஞ்சி மரத்து நெற்று பிசுபிசுப்பும் தித்திப்புமாக மாடுகளுக்கு உகந்தது. அந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அங்கே இத்தகைய இனிப்பு நெற்றுகள் பலவும், இன்று அழிந்துபோன யானை போன்ற பெருமிருகங்கள் தின்பதற்கென்றே அமைந்தவை என்று ஜான்சென், மார்ட்டின் என்ற இருவர் 1982இல் ஒரு கொள்கை வெளியிட்டார்கள். கருவேல நெற்று ஆட்டுக்கு. ஆடு இரவெல்லாம் அசைபோட்டுப் பட்டியில் துப்பும் விதையைப் பொறுக்கி விதைத்தால் முளைப்பு நன்றாயிருக்கும். அதே நெற்றைத் துருப்பிடித்த ஆணிகளோடு கொதிக்கவைத்தால், அதிலுள்ள துவர்ப்பொருள் இரும்போடு கூடிக் கறுத்து, பழைய பலகைக்குப் பூசும் சாயம் கிடைக்கும். ஆனால் சீமைக்கருவேல நெற்றை மட்டும் முழுசாக மாட்டுக்குப் போடாதே. சாணத்தோடு விதை போய் விழுந்த இடமெல்லாம் காடாகிவிடும். விதையோடு சேர்த்து மாவாக அரைத்துக் கொடுத்தால் அந்தப் பயம் இல்லை.

எருக்குழிக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். கொன்றை, வாகை, கருவேல் போன்ற அவரைக் குடும்பத்து விதைகளின் தோல் நம் வீட்டுக் குப்பைக்குழியின் சூட்டுக்கு மசியாது. குழி எரு பாத்திக்குப் போனதும் கத்தரிச் செடிக்கு நடுவே வாகைக்கன்று தலை நீட்டும். ஆகவே விதையை உதிர்த்துவிட்டு, ஓட்டை மட்டும் நொறுக்கி, செடியைச் சுற்றி மண்ணின் மேலே பரப்பு. ஈரம் காக்கும், களை அடங்கும். மரக்கட்டை போன்ற ஓட்டை மண்ணுக்குள் புதைத்தாலோ, அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய நைட்ரஜனைத் தாமே எடுத்துக்கொண்டு செடியைச் சில காலம் வெளிறச் செய்யும். வாகையின் வைக்கோல் நிறத்து மெல்லிய நெற்று மூடாக்குக்கு வெகு பொருத்தம். பிள்ளைகள் வாள்சண்டை போடும் மயிற்கொன்றை நெற்று அப்படிச் சீக்கிரம் மக்காது. அதை அடுப்பெரிக்க வைத்துக்கொள், அல்லது பாத்தியின் ஓரத்தில் வேலியாக ஊன்று.

காற்றை நம்பிய இலவம் உனக்குத் தலையணைப் பஞ்சு தரும். மெழுகுப் பூச்சும் வழுக்கலும் உடைய பஞ்சாதலால் நூற்க வராது, நீரும் எளிதில் ஊறாது. நீரில் மிதந்து செல்லும் புங்கங்காயின் விதையில் எண்ணெய்; பிழிந்த பிண்ணாக்கு எரு. மரத்திலேயே உலர்ந்த முருங்கை நெற்றின் பருப்பை இடித்துக் கலங்கல் நீரில் கலக்கினால் சேறு அடியில் படியும். தெளிந்தது என்பதற்காக அப்படியே குடித்துவிடாதே, காய்ச்சிக் குடி.

குன்றிமணியைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது மரமன்று, கொடி. மண் பிள்ளையாருக்குக் கண் வைக்க எடுப்பதுண்டு. ஓடு உடைந்த குன்றிமணியின் பருப்பு கொடிய நஞ்சு. மாலை கோப்பதற்காக அதைத் துளைக்காதே. மஞ்சள் அரளிக் கொட்டையும் அப்படியே. சிறுவர்கள் பொறுக்கி வரும் கூடையில் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்து, எடுத்துவிட்டு, மற்றதைத் தரம் பிரிக்க ஆரம்பி.

இப்படிக்கு,
உன் பழைய ஆசிரியன்